வள்ளியம்மா பேராண்டி (இசைத்தொகுப்பு)

வள்ளியம்மா பேராண்டி என்பது தமிழ்ச் சொல்லிசைக் கலைஞரும் பாடலாசிரியருமான அறிவு 2024ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் தனி இசைத்தொகுப்பு ஆகும். அறிவு, கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்னும் சென்னை இசைக்குழுவின் பாடகராக 2018இல் அறிமுகமானவர். பின்னர் தெருக்குரல் (2019) என்ற தொகுப்பை இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் இணைந்தும், எஞ்சாயி எஞ்சாமி (2021) என்ற பாடலைப் பாடகி தீ, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் ஆகியோருடன் இணைந்தும் வெளியிட்டார். குழுவாகவும் இருவராகவும் இயங்கிய பின்னர்த் தம் பெயரில் மட்டும் அவர் வெளியிட்ட முதல் தொகுப்பு என்பதால் இது கவனம் பெற்றது. ஒரு பாடல் யாருடையது என்ற கேள்வி 2021 முதல் 2024 வரை இவரைச் சுற்றி எழுந்துகொண்டிருந்த நிலையில், தொகுப்புக்குத் தம் பாட்டியின் பெயரை இவர் இட்டது குறிப்பிடத்தக்கது.

தலைப்பு

"பேராண்டி" என்பது பேரனை அன்புடன் விளிக்கும் பேச்சு வழக்குச் சொல். தாத்தா, பாட்டி ஆகியோர் பேரனை அழைக்கும்போது இச்சொல் வழங்குகிறது. வள்ளியம்மாள் என்பது அறிவின் பாட்டியின் பெயர். எனவே தொகுப்பின் தலைப்பு "வள்ளியம்மாவின் பேரன்" எனப் பொருள்படும்.

தமிழகத்தில் ஒருவர் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும்போது தந்தையின் பெயரை முதலெழுத்தாக இடுவதே பெருவழக்கு. சாதிப் பெயரைப் பின்னொட்டாக இடும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் பெரிதும் கைவிடப்பட்டது. இத்தலைப்பு அவ்விரு வழக்கங்களையும் விட்டு, நிலமற்ற தொழிலாளியாக வாழ்ந்த ஒரு பெண்ணின் வழியாகப் பாடகரை அடையாளப்படுத்துகிறது.

கலைஞர்

அறிவின் இயற்பெயர் அறிவரசு கலைநேசன். இவர் அரக்கோணத்தைச் சேர்ந்தவர். அரக்கோணம் இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளது. முன்னர் இவ்வூரும் திருவண்ணாமலையும் ஒன்றுபட்ட வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. 1989இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருவண்ணாமலை தனி மாவட்டத்தின் தலைநகரானது. தெருக்கூத்து, பறை, பம்பை, உடுக்கை, ஒப்பாரி முதலிய நிகழ்த்துகலைகள் செழித்த வட்டாரம் இது. தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற புரிசை என்னும் சிற்றூர் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே அமைந்துள்ளது.

அறிவு பொறியியல் பயின்றவர். மேடைக்கு வருமுன்பே கவிதைகள் எழுதிவந்தார். அம்பேத்கரின் எழுத்துகளும் சாதி ஒழிப்புச் சிந்தனையும் இவரது பாடல்களின் அடிப்படையாக அமைந்துள்ளன.

இசைக்குழுவில்

கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய குழுவாகும். இதன் முதல் நிகழ்ச்சி 2018 சனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் நடைபெற்றது. தொடக்கத்தில் குழுவில் 19 கலைஞர்கள் இருந்தனர். கானா பாடகர்கள், சொல்லிசைக் கலைஞர்கள், பறை, கட்டமோளம், சட்டி, டோலக் வாசிப்போர் ஆகியோருடன் மின்கிதார், டிரம்ஸ் வாசிப்போரும் ஒரே மேடையில் நின்றனர். குழுவின் பாடகி இசைவாணி 2020ஆம் ஆண்டு பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

குழுவின் பெயருக்கு வரலாறு உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) ஒடுக்கப்பட்ட மக்களைச் "சாதிபேதமற்ற" தமிழர் எனவும் திராவிடர் எனவும் அடையாளப்படுத்தினார். 1907இல் அவர் தொடங்கிய "ஒரு பைசாத் தமிழன்" இதழ் இக்கருத்தைப் பரப்பியது. அச்சொல்லின் ஆங்கில வடிவமே குழுவின் பெயராயிற்று.

இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, கையால் மலம் அள்ளும் தொழில், வடசென்னை வாழ்க்கை ஆகியவை இக்குழுவின் பாடுபொருள்களாக இருந்தன. அறிவு இக்குழுவில் எழுத்தாளராகவும் சொல்லிசைப் பாடகராகவும் பங்காற்றினார். குழுவின் பாடல்கள் பலர் சேர்ந்து மேடைப் பயிற்சியில் உருவாக்கியவை. ஒருவர் சொல்ல, மற்றொருவர் மெட்டுப் பிடிக்க, மூன்றாமவர் தாளம் கட்டுவார். இம்முறையில் "இயற்றியவர் ஒருவர்" எனப் பிரித்துக் கூறுவது எளிதன்று.

தெருக்குரல்

2019இல் அறிவும் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவும் இணைந்து தெருக்குரல் என்ற தொகுப்பை வெளியிட்டனர். திருக்குறள் என்ற பெயரின் ஒலியைத் தழுவி இப்பெயர் அமைந்துள்ளது. குறள் என்பது குறுகிய அடியைக் குறிக்க, குரல் என்பது ஒலியைக் குறிக்கிறது. "ஆன்டி இந்தியன்" என்பது இத்தொகுப்பில் இடம்பெற்ற பாடல்களுள் ஒன்று. 2020 தொடக்கத்தில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டங்கள் நாடெங்கும் நடந்தபோது இவ்விருவரும் "சண்ட செய்வோம்" என்ற பாடலை வெளியிட்டனர்.

திரைப்பாடல்கள்

பா. ரஞ்சித் இயக்கிய காலா (2018) திரைப்படத்தில் "உரிமையை மீட்போம்" பாடலை அறிவு எழுதினார். நில உரிமையே அப்படத்தின் மையம். மாஸ்டர் (2021) திரைப்படத்தில் அனிருத் இசையமைத்த "வாத்தி ரெய்டு" பாடலை எழுதி, இசையமைப்பாளருடன் இணைந்து பாடினார். நட்சத்திரம் நகர்கிறது (2022) திரைப்படத்தில் டென்மாவின் இசைக்குப் பாடல்கள் எழுதினார். 2023இல் கோக் ஸ்டுடியோ தமிழ் நிகழ்ச்சியில் கதீஜா ரகுமானுடன் இணைந்து "சகவாசி" பாடலை வழங்கினார்.

மலையகப் பின்னணி

தலைப்பில் குறிப்பிடப்படும் வள்ளியம்மாள் இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளியாக இருந்தவர். நிலமற்ற தம் முன்னோர் தமிழகத்திலிருந்து இலங்கைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர்த் திரும்பி வந்தவர்கள் என அறிவு தெரிவித்துள்ளார். இவ்வரலாற்றின் சுருக்கம் பின்வருமாறு:

* பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியர் இலங்கையின் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களை அமைத்தனர். கங்காணிகள் மூலம் தமிழகத்திலிருந்து தொழிலாளர் திரட்டப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கியோர் காட்டு வழியே நடந்து மலைநாட்டை அடைந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் பலர் மாண்டனர்.
* 1867இல் சேம்சு டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். 1869 முதல் இலைத்துரு நோய் பரவிக் கோப்பி அழிந்ததால் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது.
* 1948இல் இயற்றப்பட்ட இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.
* 1964 அக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்ட இம்மக்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டன.
* எந்த நாட்டில் வாழ விருப்பம் என்று அம்மக்களின் சார்பாளர்களைக் கலந்து முடிவு செய்யாமல் இரு அரசுகளும் எண்ணிக்கையாகப் பிரித்துக்கொண்டன என்பது இவ்வொப்பந்தத்தின் மீதான முதன்மையான விமர்சனமாகும்.

தமிழகம் வந்தோர் "தாயகம் திரும்பியோர்" என அரசு ஆவணங்களில் குறிக்கப்பட்டனர். பலர் மண்டபம் முகாம் வழியாக வந்து, நீலகிரி உள்ளிட்ட பல மாவட்டங்களில் குடியமர்ந்தனர். நீலகிரியில் அமைந்த தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இவர்களுக்கு வேலை அளிக்கும் நோக்குடன் 1968இல் தொடங்கப்பட்டவை. பல தலைமுறைகள் உழைத்தும் இரு நாடுகளிலும் இவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் அமையவில்லை. நிலம் பற்றிய அறிவின் பாடல்களை இவ்வரலாற்றுடன் சேர்த்தே விளங்கிக்கொள்ள வேண்டியுள்ளது.

எஞ்சாயி எஞ்சாமி

2021 மார்ச் 7 அன்று மாஜா என்ற இசைவெளியீட்டுத் தளத்தின் வாயிலாக இப்பாடல் வெளியானது. இத்தளத்துக்கு இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் ஆதரவு அளித்திருந்தார். தீ முதன்மைப் பாடகராகவும், அறிவு இணைப் பாடகராகவும், சந்தோஷ் நாராயணன் தயாரிப்பாளராகவும் குறிக்கப்பட்டனர். காணொளியை அமித் கிருட்டிணன் இயக்கினார். வள்ளியம்மாளும் காணொளியில் தோன்றுகிறார்.

"எஞ்சாமி" என்பது "என் சாமி" என்பதன் பேச்சு வடிவம். பண்ணையாரை நோக்கிக் கூலித் தொழிலாளர் விளித்த சொல்லாகவும், பேரப்பிள்ளையைப் பாட்டி கொஞ்சும் சொல்லாகவும் இது வழங்குகிறது. அதிகாரத்துக்கு அஞ்சி வந்த சொல்லே அன்பின் சொல்லாகவும் இருப்பதைப் பாடல் பயன்படுத்திக்கொள்கிறது. மகிழ்ந்திரு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் அதனுடன் ஒலியால் இணைக்கப்பட்டுள்ளது. துள்ளலான தாளத்தில் தொடங்கும் பாடல் இடையில் ஒப்பாரியாக மாறுகிறது. திரைப்படம் சாராத தமிழ்ப் பாடல் ஒன்று யூடியூபில் பல கோடி முறை பார்க்கப்பட்டது அந்நாளில் புதுமையாகக் கருதப்பட்டது.

உரிமை குறித்த விவாதம்

2021 ஆகத்தில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும், கனடாவைச் சேர்ந்த சொல்லிசைக் கலைஞர் சான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர். அறிவு இடம்பெறவில்லை. டிஜே ஸ்னேக் உருவாக்கிய மறுகலவைக்கு நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் வைக்கப்பட்ட விளம்பரத்திலும் அவரது படம் இல்லை. பா. ரஞ்சித் இதனைப் பொதுவெளியில் சுட்டிக்காட்டியதைத் தொடர்ந்து விவாதம் எழுந்தது. பின்னர் அவ்விதழ் அறிவையும் அட்டைப்படமாக வெளியிட்டது.

2022 சூலை 28 அன்று சென்னையில் நடைபெற்ற 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் தீயும் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் இப்பாடலைப் பாடினர். அறிவு மேடையில் இல்லை. சில நாள்களில் அவர் வெளியிட்ட பதிவில், பாடலைத் தாமே எழுதியதாகவும், மெட்டமைத்துப் பாடியதாகவும், தமக்கு யாரும் மெட்டோ சொல்லோ தரவில்லை என்றும், எனினும் அது கூட்டு உழைப்பே என்றும் தெரிவித்தார். சந்தோஷ் நாராயணன் அளித்த விளக்கத்தில், வேர்களைப் பற்றிய பாடல் ஒன்றை உருவாக்கும் எண்ணம் தீயிடமிருந்து வந்தது என்றும், பாடலின் உரிமையும் வருவாயும் மூவருக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டுள்ளன என்றும் கூறினார். அறிவுக்குரிய சிறப்பைத் தாம் எங்கும் மறைத்ததில்லை என்று தீயும் தெரிவித்தார்.

2024 மார்ச்சில் விவாதம் வேறு திசையில் திரும்பியது. பாடல் வெளியாகி மூன்று ஆண்டுகள் ஆகியும் மூவருக்கும் அதிலிருந்து வருவாய் எதுவும் கிடைக்கவில்லை எனச் சந்தோஷ் நாராயணன் காணொளி ஒன்றில் கூறினார். இதில் ரகுமானும் பாதிக்கப்பட்டவரே என்றும் அவர் குறிப்பிட்டார். அதுவரை புகழ் யாருக்கு என்பதாக இருந்த கேள்வி, இதன்பின் பணம் எங்கே என்பதாக மாறியது.

சட்டத்தில் சொல்லும் இசையும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) ஒரு பாடலை ஒரே ஆக்கமாகக் கொள்வதில்லை. அதனை மூன்றாகப் பிரிக்கிறது:

* பாடல் வரிகள்: இலக்கிய ஆக்கம். உரிமை, எழுதியவருக்கு.
* மெட்டும் இசையும்: இசை ஆக்கம். உரிமை, இசையமைத்தவருக்கு. இசையுடன் பாடவோ பேசவோ உள்ள சொற்கள் இசை ஆக்கத்தில் அடங்கா எனச் சட்டம் வெளிப்படையாக விலக்குகிறது.
* ஒலிப்பதிவு: உரிமை, பதிவைத் தயாரித்தவருக்கு.

இவை தவிர, பாடுவோருக்கு நிகழ்த்துவோர் உரிமை தனியே உண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் உரிமையை விற்றுவிட்டாலும் அரசுரிமைத் தொகையில் சமபங்கு பெறும் உரிமையைக் கைவிட இயலாது.

மெட்டை முதலில் அமைத்து, அதற்குச் சொற்களை எழுதும் திரையிசை முறைக்கு இப்பிரிவினை பொருந்துகிறது. சொல்லிசையில் நிலைமை வேறு. அங்குத் தாளத்தின்மேல் சொல் எவ்விடத்தில் விழுகிறது, எவ்வசை நீள்கிறது, எங்கு மூச்சு நிற்கிறது என்பனவே மெட்டின் வேலையைச் செய்கின்றன. அதனைத் தீர்மானிப்பவர் எழுதுபவரே. சட்டப்படி அவர் "சொல்லை எழுதியவர்" மட்டுமே. பின்னணித் தாளத்தையும் கருவியிசையையும் அமைத்தவர் "இசையமைப்பாளர்" ஆகிறார். ஒப்பாரியைத் தழுவும்போது சிக்கல் மேலும் கூடுகிறது. ஒப்பாரியின் மெட்டு மரபுடைமை. அதற்குத் தனி உரிமையாளர் இல்லை. அம்மெட்டைப் பாட்டியிடமிருந்து கேட்டுக் கொண்டுவந்தவருக்குச் சட்டத்தில் தனிப் பெயரும் இல்லை.

எனவே எஞ்சாயி எஞ்சாமி குறித்த விவாதம் தனிமனிதர்களிடையே எழுந்த கருத்து வேறுபாடு மட்டுமன்று. வாய்மொழி மரபிலிருந்து வரும் ஒருவர், எழுத்து மரபுக்காக வகுக்கப்பட்ட கட்டங்களுள் தம் பங்கை எவ்வாறு பதிவு செய்வது என்ற கேள்வியும் அதில் அடங்கியுள்ளது.

இசைத்தொகுப்பு

இச்சூழலில் 2024ஆம் ஆண்டு வள்ளியம்மா பேராண்டி வெளியானது. சென்னையில் நடந்த வெளியீட்டு விழாவில் பா. ரஞ்சித் கலந்துகொண்டார். கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் 19 பேருள் ஒருவராகவும், தெருக்குரலில் இருவருள் ஒருவராகவும், எஞ்சாயி எஞ்சாமியில் மூவருள் ஒருவராகவும் இருந்த அறிவு, இத்தொகுப்பில் முதன்முறையாகத் தம் பெயரை மட்டும் முன்னிறுத்தினார். ஆயினும் தலைப்பில் இருப்பது அவர் பெயர் அன்று. யாரிடமிருந்து கேட்டாரோ அவரது பெயரே இடப்பட்டுள்ளது.

இசை வடிவம்

சொல்லிசையும் ராக்கும்

சொல்லிசை 1970களில் நியூயார்க்கின் பிராங்சு பகுதியில் கறுப்பின, இலத்தீன் அமெரிக்க இளைஞரிடையே தோன்றியது. 1986இல் ரன்–டிஎம்சி குழுவும் ஏரோசுமித் குழுவும் இணைந்து வெளியிட்ட பாடல் சொல்லிசையையும் ராக் இசையையும் பெருந்திரளான மக்களிடம் ஒன்றாகக் கொண்டுசேர்த்தது. 1992இல் ரேஜ் அகெயின்ஸ்ட் தி மெசின் குழுவின் முதல் தொகுப்பு அக்கலவையை அரசியல் எதிர்ப்பின் வடிவமாக்கியது. மின்கிதாரின் அடர்ந்த ஒலியும் நேரடி டிரம்ஸும் சொல்லிசைக்கு ஊர்வல முழக்கத்தின் தன்மையைத் தருகின்றன. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இக்கலவையைக் கானாவுடனும் பறையுடனும் சேர்த்தது. அறிவின் மேடைப் பயிற்சி அங்கே தொடங்கியது.

கானா, பறை, ஒப்பாரி

கானா சென்னையின் உழைக்கும் மக்களிடையே வளர்ந்த பாடல் வடிவம். சாவு வீடுகளில் இரவு முழுவதும் பாடப்படும் மரண கானா இதன் முதன்மையான வகை. பறை, ஒடுக்கப்பட்ட மக்கள்மீது சாவுத் தொழிலாகச் சுமத்தப்பட்ட கருவி. இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அது விடுதலையின் இசைக்கருவியாக மீட்டெடுக்கப்பட்டு வருகிறது. ஒப்பாரி, இறந்தவரை முன்னிறுத்திப் பெண்கள் அந்நேரத்தில் கட்டிப் பாடும் பாடல். இறந்தவரின் குணம், உறவு முறை, இழந்த நிலம், பட்ட கடன் ஆகிய யாவும் அதில் வரும்.

இம்மூன்றும் இறப்புடன் தொடர்புடையவை என்பது கவனிக்கத்தக்கது. சாவு வீட்டில் மட்டும் ஒடுக்கப்பட்டோரின் குரல் ஊர் கேட்க ஒலிக்க இடமிருந்தது. அக்குரலை மேடைக்குக் கொண்டுவந்ததே இவ்வகை இசையின் மாற்றம் எனலாம்.

யாப்பும் சொல்லிசையும்

ஆங்கிலச் சொல்லிசை பெரிதும் அடியின் இறுதி ஒலி ஒத்துவருவதைச் சார்ந்தது. தமிழ் யாப்பில் இது இயைபு எனப்படும். தமிழ்ச் செய்யுள் மரபில் அதைவிட எதுகைக்கும் மோனைக்கும் முதன்மை உண்டு. "காடு – காற்று" என முதலெழுத்து ஒன்றுவது மோனை. "கற்றது – பெற்றது" என இரண்டாம் எழுத்து ஒன்றுவது எதுகை.

தமிழில் வினைச்சொல் அடியின் இறுதியில் வருவதாலும், விகுதிகள் ஒன்றுபோல் முடிவதாலும் இயைபு எளிதில் அமைந்துவிடுகிறது. "வந்தோம், நின்றோம், வென்றோம்" என முயற்சியின்றியே ஒலி ஒன்றும். எளிதில் கிடைப்பதால் அதற்கு வலிமை குறைவு. எனவே தமிழ்ச் சொல்லிசையில் அடியின் தொடக்கத்திலும் இடையிலும் எதுகை, மோனைகளை அடுக்கித் தாளத்தின் அழுத்தத்தில் அவற்றை விழச்செய்வது தேர்ந்த உத்தியாகக் கொள்ளப்படுகிறது. குறில், நெடில் வேறுபாடும் இங்கு உதவுகிறது. நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒரு மாத்திரை எனும் இலக்கணக் கணக்கு, நான்கு அடிகள் கொண்ட தாளச் சுழற்சியில் சொற்களை நிரப்பும் வேலைக்கு இயல்பாகவே பொருந்துகிறது. பறையின் அடிகளைப் போலச் சொற்களை அடுக்கும் அறிவின் நடை இவ்வியல்பைச் சார்ந்தது.

தமிழ்த் தனியிசையில் இடம்

தமிழில் சொல்லிசை முதலில் பரவலாக அறியப்பட்டது திரைப்படம் வழியே ஆகும். காதலன் (1994) படத்தில் ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த "பேட்டை ராப்" இதற்கு எடுத்துக்காட்டு. திரைப்படம் சாராத முழுத்தொகுப்புகளில் மலேசியாவின் யோகி பியும் நட்சத்ராவும் வெளியிட்ட வல்லவன் (2006) முன்னோடியானது. யோகி பியும் பொயட்டிக் ஆம்மோ என்ற குழுவிலிருந்து வந்தவரே. தமிழகத்தில் ஹிப்ஹாப் தமிழாவின் ஹிப்ஹாப் தமிழன் (2012) இளைஞரிடையே பரவியது. 2020 திசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய "மார்கழியில் மக்களிசை" விழா, கருநாடக இசைக்குரியதாகக் கருதப்பட்ட மார்கழி மேடையைக் கானாவுக்கும் ஒப்பாரிக்கும் சொல்லிசைக்கும் திறந்தது.

தமிழகத்தில் பாடல் என்றாலே திரைப்பாடல் எனக் கொள்ளும் நிலை நீண்டகாலம் நிலவியது. திரைப்பாடலில் கதைச்சூழலை இயக்குநர் தருகிறார், மெட்டை இசையமைப்பாளர் தருகிறார், பாடலாசிரியர் வேறொருவரின் உணர்வை எழுதுகிறார். தனியிசைத் தொகுப்பில் இத்தூரம் இல்லை. எழுதுபவரே பாடுகிறார். பாடுபவரின் வாழ்க்கையே பாடுபொருளாகிறது. அதனால் பாடல் யாருடையது என்ற கேள்விக்கு அங்கு எடை கூடுகிறது. வள்ளியம்மா பேராண்டி அக்கேள்விக்குத் தரும் விடை அதன் தலைப்பிலேயே உள்ளது. பாடுபவர் பேரன்; பாட்டு, தோட்டத்தில் கொழுந்து பறித்த பாட்டியிடமிருந்து வந்தது.

இவற்றையும் பார்க்கவும்

* கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்
* எஞ்சாயி எஞ்சாமி
* தமிழ்ச் சொல்லிசை
* கானா பாடல்
* ஒப்பாரி
* மலையகத் தமிழர்
* சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்